மூன்றாம் சேவியரின் வயிறு

என் பெருங்குடலில் ஏறக்குறைய ஒரு முழம் இப்போது என்னிடம் இல்லை. மதுரையில் ஒரு மருத்துவமனையில் அதை வெட்டி எடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். அது இல்லாமல் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முன்பைவிட ஒரு சுற்றுப் பெருத்தும் இருக்கிறேன். அலுவலகத்தில் என்னைப் பார்க்கிறவர்கள், "ஸ்டெல்லா அக்கா, உங்களுக்கா கேன்சர் வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். ஏதோ நான் பொய் சொல்லி லீவு போட்டதுபோல.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என் குடலுக்காக அல்ல, என் தம்பி சேவியரின் குடலுக்காக. என்னுடையது போனது போனதுதான். அவனுடையதை முழுசாக வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் ஏழெட்டு மாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி.

தூத்துக்குடி துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்குக் காகித வேலை. அலுவலகம் இரண்டாவது மாடியில். அந்தப் படிகளில் பதினெட்டு வருஷமாக ஏறி இறங்குகிறேன். போன வருஷம் ஆடி மாதத்தில் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. நாற்பத்தாறு வயது, உடம்பு ஒரு மாதிரிதான் இருக்கும் என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன். மருந்துக்கடை அண்ணாச்சி சத்து மாத்திரை கொடுத்தார். பேரீச்சம்பழம் தின்றேன். முருங்கைக்கீரை தின்று தின்று என் கணவர் ராயப்பனுக்கு முருங்கை மரத்தைக் கண்டாலே வெறுத்துப்போனது.

கடைசியில் இரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் ஆறு. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது அதுதான், மூச்சில் வரும் காற்றை உடம்பெல்லாம் சுமந்து போவதும் அதுதான். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பாதி. ஊரில் பார்த்த டாக்டர் வயதான மனிதர், சிக்கனமாகப் பேசுவார்.

"இரத்தம் எங்கேயோ ஒழுகுது. எங்கன்னு பாக்காம மாத்திரையா முழுங்கிக்கிட்டு இருந்திருக்கியம்மா."

பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். கொலோனோஸ்கோபி என்று பெயர். கைவிரல் கனத்தில் நீளமான ஒரு ரப்பர் குழாய், நுனியில் விளக்கும் கேமராவும். பின்வாசல் வழியாகப் போகும் என்பதால் எங்கள் பக்கத்தில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை. அதில் ஒரு கட்டி தெரிந்தது. ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் பயாப்சி. ஒரு வாரம் கழித்து வந்த தாளை வாங்கி ராயப்பன் படித்தார். வீடு திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதுரைக்குப் போவோம். நான் இருக்கேம்லா" என்றார். பயந்தேன். நன்றாகவே பயந்தேன். பத்தொன்பது வயது மகள் வீட்டில் இருக்கும்போது ஒரு தாய்க்கு வேறு எப்படி இருக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. சேவியர் விசைப்படகு டிரைவர். விடியுமுன் கடலுக்குப் போய் இரவு கரை திரும்புகிற தொழில். விஷயம் தெரிந்ததும் தொழிலுக்குப் போகாமல் படகு ஆட்கள் ஐந்து பேரை வேனில் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டான். இரத்த வங்கியில் இருந்த நர்ஸ், அவர்களில் ஒருவனுடைய முழங்கையைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க பளபளன்னு ஒட்டியிருக்கு?" என்று கேட்டாள். சீலா மீனின் செதில். அவன் குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தான். அன்று ஆறு பேரும் இரத்தம் கொடுத்துவிட்டு, அங்கே தந்த பழச்சாற்றைக் குடித்துவிட்டு, பக்கத்துப் பரோட்டாக் கடையை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். சேவியர் மட்டும் என் படுக்கையருகே ஒரு நிமிஷம் நின்றான்.

"அக்கா, ஒண்ணும் ஆவாது. எங்க ரத்தம் உள்ள போயிட்டுல்லா? இனி நீயும் நல்லா நீச்சலடிப்ப."

ஆபரேஷன் நான்கு மணி நேரம். விழித்தபோது வயிற்றில் தையல், மூக்கில் குழாய், கையில் குழாய். வலியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். யாரும் எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன். குடலை வெட்டித் தைத்தவர்களுக்குக் காற்றுப் பிரிய வேண்டும். பிரிந்தால்தான் குடல் மறுபடி வேலை செய்கிறது என்று பொருள். அதுவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. ஆகவே பெரிய டாக்டர் தினமும் காலையில் ஏழெட்டு மாணவர்கள் புடைசூழ வந்து, என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"கேஸ் போச்சாம்மா?"

முதல் நாள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டாம் நாள் இல்லை என்று தலையாட்டினேன். மூன்றாம் நாள் நானே கவலைப்பட ஆரம்பித்தேன். எங்கள் சொந்த ஊர் புன்னைக்காயலில் இருக்கும் உபகாரம் அத்தை, என் அப்பாவின் தங்கை, மணிக்கொரு தரம் ராயப்பனுக்குப் போன் போட்டு, "போச்சாய்யா? இன்னும் போவலியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் மத்தியானம் போனது. சின்னதாக, மரியாதையாகத்தான் போனது. ராயப்பன் வார்டுக்கு வெளியே ஓடிப்போய் போனில் கத்தியது எனக்கே கேட்டது.

"அத்தை, போயிட்டு! போயிட்டு!"

வராந்தாவில் இருந்த ஒரு அம்மாள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாராம். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாளே தன் பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாராம். புன்னைக்காயலில் அத்தை அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். ஒரு காற்றுக்கு ஊரே கூடிச் சந்தோஷப்பட்டது என் ஒருத்திக்குத்தான் இருக்கும்.

கட்டி குடலின் சுவரோடு நின்றிருந்தது, வெளியே பரவவில்லை. கீமோ ஊசி தேவையில்லை என்றார்கள். பில் வந்தபோது ராயப்பனின் முகம் கொஞ்சம் மாறியது. காப்பீட்டில் பெரும்பகுதி கிடைத்தது. மிச்சத்துக்கு என் வளையல்கள் போயின. அவர் அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த நேரம் வளையல் இல்லாத கை அழகாகவே தெரிந்தது.

ஆறு வாரம் கழித்துத் தையல் பார்க்கப் போனபோது பெரிய டாக்டர், "ஐம்பதுக்குள்ள இந்த நோய் வந்தா குடும்பத்தையும் ஒரு தடவ விசாரிக்கணும்" என்று சொல்லி, இரண்டு நாள் கழித்து மரபணு ஆலோசகர் என்ற ஒரு இளம்பெண்ணைப் பார்க்கச் சொன்னார். அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், புற்றுநோய் வந்தவர்களுக்குக் கறுப்பு.

நான் காகித வேலைக்காரி. வெறுங்கையோடு போவேனா? உபகாரம் அத்தையின் பூசை நோட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். இறந்தவர்களை நினைத்து நவம்பரில் கோயிலில் பூசை வைப்போம். எந்தெந்தப் பெயருக்கு என்று அத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பாள். செத்தவர்கள் பட்டியல் அதைவிடச் சுத்தமாக வேறெங்கே கிடைக்கும்? அப்பா, துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் லாரி மோதி இறந்தார். சேவியர், என் பூட்டனார், எழுபது தாண்டி மூச்சிரைப்பில் போனார். இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னேன். உயிரோடு இருக்கிறவர்களில் அத்தைக்கு மட்டும் கர்ப்பப்பை இறங்கியதால் எடுத்துவிட்டார்கள் என்றேன்.

அந்தத் தாளில் ஒரே ஒரு வட்டம்தான் கறுப்பு. அது நான்.

"மரபணு சோதனை செய்யலாம், தப்பில்ல. ஆனா இந்தப் படத்தப் பார்த்தா குடும்பத்துல ஓடுற மாதிரி தெரியல. செலவும் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். வளையலை விற்ற வீட்டில் யோசிக்க என்ன இருக்கிறது? நானும் ராயப்பனும் நிம்மதியாக பஸ் ஏறினோம்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் புன்னைக்காயலுக்கு வரும். மணலைக் கூட்டி, சிலுவைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, அங்கேயே உட்கார்ந்து பழைய சண்டையையும் புதுக் கல்யாணத்தையும் பேசித் தீர்ப்பார்கள். நான் வயிற்றில் துணிப்பட்டை கட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். பிழைத்து வந்த மகராணி என்று ஆளாளுக்கு என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சேவியர் என்று எழுதிய சிலுவைக்கு முன்னால் அத்தை இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றினாள்.

"என்னத்தே, பூட்டனாருக்கு மட்டும் ரெண்டு?"

"ஒண்ணு பெரிய சேவியருக்கு. ஒண்ணு சின்ன சேவியருக்கு."

"அது யாரு சின்ன சேவியர்?"

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். சுற்றும் பார்த்தாள். தம்பி தூரத்தில் மணல் அள்ளிக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஒங்கப்பனுக்கு மூத்தவன். ஒனக்குப் பெரியப்பன். வேம்பாருல தொழில் பாத்தான். கல்யாணம் ஆவல. முப்பத்தெட்டு வயசுல வயித்துக்குள்ள கட்டி வந்து இங்கன வந்துதான் கண்ண மூடுனான். மறு வருசம் ஒந்தம்பி பொறந்தான், அந்தப் பேர வச்சோம். பேர் வச்ச பிறவு செத்தவனப் பத்திப் பேசக்கூடாதுல்லா? பிள்ளைக்கு ஆவாதுன்னு எல்லாரும் வாய மூடிக்கிட்டோம்."

எங்கள் வீட்டு வழக்கம் அது. இறந்தவரின் பெயரை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால், அந்த இறந்தவர் எப்படிப் போனார் என்று அப்புறம் யாரும் வாய் திறப்பதில்லை. அவர் விதி பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அதனால் அப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார் என்பதே எனக்குத் தெரியாமல் நாற்பத்தாறு வயது வரை ஓட்டிவிட்டேன்.

"நோட்டுல ஒரு சேவியர்தான இருக்கு?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பேருதானளா. பூசைக்குப் பேருக்கொரு காணிக்கை. ஆண்டவருக்கு ஆள் தெரியாதா? ஒரு தடவ எழுதினாப் போதும்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலித்தது. அத்தை வருஷா வருஷம் ஒரு பூசைக் காணிக்கையை மிச்சம் பிடித்ததில், மதுரைத் தாளில் ஒரு கறுப்புச் சதுரம் காணாமல் போயிருந்தது. சிரிப்பு அடங்கியபோது வேறொரு சந்தேகம் வந்தது. "அத்தே, ஒங்க கர்ப்பப்பைய எதுக்கு எடுத்தாவ? சத்தியமாச் சொல்லுங்க."

அத்தை மெழுகுவத்தியின் திரியைச் சரி செய்தாள். நெடுநேரம் சரி செய்தாள்.

"கட்டிதான். அதே கட்டிதான். அப்ப எம் மவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருந்தோம். வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? எறக்கம்னு சொல்லிட்டேன். ஒங்க மாமாவுக்கு மட்டுந்தான் தெரியும்."

பதினாறு வருஷம் தனியாகச் சுமந்ததை மணலில் இறக்கி வைத்துவிட்டு அத்தை அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் செத்தவர்களுக்காக அழுகிறோம் என்று நினைத்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மதுரைக்குப் போன் செய்து சொன்னபோது அந்தப் பெண் ஒவ்வொருவரின் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "அம்மா, உடனே வாங்க" என்றாள். ஒரே குடும்பத்தில் இளவயதில் பெருங்குடல், கர்ப்பப்பை இரண்டிலும் புற்று வந்தால் அவர்களுக்கு அபாய மணி அடிக்குமாம். என் இரத்தத்தைச் சோதித்தார்கள். லிஞ்ச் சிண்ட்ரோம் என்று வந்தது. உடம்பில் செல்கள் பெருகும்போது வரும் எழுத்துப் பிழையைத் திருத்துகிற ஆள் ஒருவர் உண்டு. எங்கள் குடும்பத்தில் அந்தத் திருத்துகிறவரிடமே ஒரு பிழை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. லாரி முந்திக்கொள்ளாவிட்டால் அப்பாவுக்கும் வந்திருக்கலாம். என்னிடம் இருப்பது அவர் வழியாக வந்ததுதான். அப்படியானால் சேவியருக்கும் பாதிக்குப் பாதி.

இங்கேதான் கணக்கு வருகிறது. நான் துறைமுகத்தில் வேலை பார்ப்பதால் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வந்திறங்குகிற எல்லாக் கண்டெய்னரையும் திறந்து பார்த்தால் துறைமுகம் நின்றுபோகும். ஒன்றையும் திறக்காவிட்டால் எது வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடும். அதனால் சந்தேகத்துக்குக் காரணம் உள்ளதை மட்டும் ஒதுக்கி ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். ஊரில் எல்லோருக்கும் வருஷா வருஷம் கேமரா விட எந்த நாட்டுக்கும் கட்டாது, தேவையும் இல்லை. எங்களைப் போன்ற வீட்டில் யார் யாருக்குப் பிழை உண்டு என்று தெரிந்தால், அவர்களுக்கு மட்டும் விட்டால் போதும். அதைத் தெரிந்துகொள்வதும் இனி மலிவு. எனக்குச் செய்தது ஒரு பெரிய புத்தகம் முழுக்கப் படித்துப் பிழை தேடியதுபோல. பக்கம் தெரிந்துவிட்டதால் மற்றவர்களுக்கு அந்த ஒரு பக்கத்தைப் புரட்டினால் ஆயிற்று. பிழை இல்லாதவர் ஊரோடு ஒருவராக நிம்மதியாகப் போகலாம். பிழை உள்ளவர் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கேமரா. உள்ளே பாலிப் என்கிற சின்ன மொட்டு இருந்தால் அப்போதே கிள்ளிவிடுவார்கள். மொட்டுதான் வருஷக்கணக்கில் வளர்ந்து புற்றாகிறது.

அலுவலகத்தில் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். என் ஒரு ஆபரேஷனுக்கு ஆன பணத்தில் என் தம்பிக்கு இருபது வருஷத்துக்குமேல் கேமரா விடலாம். காப்பீட்டுக்காரர்களிடம் கேட்டேன். நோய் வந்தால் கொடுப்போம், வருமுன் பார்ப்பதற்குக் கிடையாது என்றார்கள். வீடு எரிந்தால் பணம் தருவோம், நெருப்பை அணைக்கத் தண்ணீர் வாங்கினால் தரமாட்டோம் என்கிற மாதிரிப் பேச்சு. எனக்கு ஆத்திரமாக வந்தது. போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்த பிறகுதான் ஆறியது.

ஆனால் பணம் தடையில்லை. தடை சேவியர்.

"பாத்தா இருக்கும், பாக்காட்டா இல்ல" என்றான் முதலில்.

"இல்லன்னா நிம்மதிதானல?"

"இருந்தா? அந்த டியூபப் பின்னால விட்டது தெரிஞ்சா படகுல எவனாவது மதிப்பானா? ஆயுசுக்கும் பேரு வச்சிக் கூப்புடுவானுவ."

இரத்தமாவது கொடு என்றேன். கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றான். பொங்கல் கழியட்டும் என்றான். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஊசி போடக்கூடாது என்று ஒரு புதுச் சட்டம் கண்டுபிடித்தான். மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், அப்போது படகு ஓடாது, கட்டாயம் வருவேன் என்று மாதாவைச் சாட்சிக்கு இழுத்தான். உள்ளே இருந்தது வேறு. கல்லறையில் நடந்த பேச்சு எப்படியோ அவன் காதுக்கும் போயிருந்தது. அவனுக்கு நாற்பத்தொன்று. முப்பத்தெட்டில் போனவரின் பெயரைச் சுமந்துகொண்டு மூன்று வருஷம் தாண்டி வந்துவிட்டேன், இனி ஏன் கிளற வேண்டும் என்று அவன் மனைவியிடம் சொன்னானாம். அவள் என்னிடம் வந்து சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்.

தடைக்காலம் வந்தது. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற நாட்கள். ஒரு சனிக்கிழமை அவனைத் தேடி அங்கே போனேன். படகின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டிவிட்டு, ஒரு சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டு போனான். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பான். நல்ல பலகை ஒரு மாதிரி கணீரென்று பேசும், உள்ளே உளுத்தது வேறு மாதிரி. நான் கொண்டுபோன தேநீரைக் கையில் வாங்காமல் தட்டிக்கொண்டே இருந்தான்.

"படகு ஒழுகுதால?"

"ச்சே, ஒரு சொட்டு தண்ணி ஏறல."

"பிறவு எதுக்குத் தட்டுத?"

"ஒழுகின பிறவு தட்டுனா நடுக்கடல்ல இருந்துல்லா தட்டணும்…"

சொல்லிக்கொண்டு வந்தவன் நிறுத்தினான். சுத்தியலைக் கீழே வைத்தான். என்னை முறைத்தான்.

"அக்கா, நீ வேணும்னே வந்துதான் கேக்குத."

"ஆமா. வேணும்னேதான் கேக்குதேன்."

தேநீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். "அத்தையும் டியூபு விட்டா நானும் வாரேன். பொம்பளைக்கு இருக்க தைரியம் எனக்கு இல்லன்னு எவனும் சொல்லிரக்கூடாது" என்றான். அப்போதே அத்தைக்குப் போன் போட்டேன். அறுபத்தாறு வயது அத்தை, "மருதையா? மீனாட்சி கோயில் பக்கம் போயி ஒரு சுங்குடிச் சேல எடுத்துத் தருவியா?" என்றாள். பேரம் படிந்தது.

இரத்தச் சோதனை முடிவு மூன்று வாரத்தில் வந்தது. அத்தைக்குப் பிழை உண்டு. சேவியருக்கும் உண்டு. அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படகுக்குப் போய் ஏறி உட்கார்ந்தான். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கேமரா என்னைக்கு?" என்று கேட்டான்.

எனக்கும் மறுபடி பார்க்க வேண்டிய நேரம். ஆகவே மூன்று வயிறுகள், ஒரு வேன், ராயப்பன். கேமராவுக்கு முன்னால் குடலைக் கழுவ வேண்டும். ஒரு பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். உப்பும் இனிப்புமாக ஒரு கெட்ட ருசி. குடித்து ஒரு மணி நேரத்தில் உள்ளே இருப்பதெல்லாம் தண்ணீராக இறங்கும். நாங்கள் தங்கிய லாட்ஜில் இரண்டு அறை எடுத்தோம், இரண்டு கழிவறை. குடிக்கிறவர்கள் மூன்று பேர் என்பது சாயங்காலம்தான் எங்களுக்கு உறைத்தது. துறைமுகத்தில் கப்பல்களுக்கு இடம் ஒதுக்குகிற அதிகாரிபோல ராயப்பன் நடைபாதையில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்து ஆளை மாற்றி மாற்றி அனுப்பினார்.

"சேவியரு, வெளிய வா! அத்தைக்கு அவசரம்."

"மச்சான், இங்க என் நெலம ஒமக்குத் தெரியாது!"

"ஏலே, நான் ஒன்ன விட வயசுல மூத்தவ, மரியாதையாக் கதவத் தொற!" என்று அத்தை கதவைத் தட்டிய தட்டில் லாட்ஜ் மேலாளரே மேலே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் பக்கத்து அறைச் சாவியை எடுத்து நீட்டினார், வாடகை கேட்கவில்லை. நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இவ்வளவு சந்தோஷமாக ஒரு பேதியை நான் அனுபவித்ததில்லை.

மறுநாள் காலை முதலில் எனக்கும் அத்தைக்கும் கேமரா விட்டுப் பார்த்தார்கள், ஒரு மொட்டும் இல்லை, சுத்தம். சேவியரை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நீலநிற இரும்பு நாற்காலிகள். நான் ஜெபமாலையை உருட்டினேன். எத்தனை மணி உருட்டினேன் என்று நினைவில்லை. முப்பத்தெட்டு வயதில் போன, முகம்கூடத் தெரியாத பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு இப்படி ஒரு குழாயும் வரவில்லை, வெளியே காத்திருக்க ஒரு அக்காவும் இல்லை.

டாக்டர் வெளியே வந்து படத்தைக் காட்டினார். மூன்று மொட்டுகள். இரண்டு மிளகு அளவு. ஒன்று சுண்டைக்காய் அளவு, மேலே சிவந்து கிடந்தது. மூன்றையும் எடுத்தாயிற்று என்றார். பெரியதில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, ஆனால் இன்னும் புற்றாகவில்லை என்று ஒரு வாரம் கழித்து வந்த பயாப்சி சொன்னது. அன்று அந்தப் படத்தைப் பார்த்தபடி, விட்டிருந்தால் என்று நான் கேட்க ஆரம்பித்தபோது, டாக்டர், "விடலையே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

மயக்கம் தெளியாமலே சேவியர் கண்ணைத் திறந்தான்.

"அக்கா… படகு எறங்கிட்டா?"

"எறங்கிட்டுல."

"உளுத்த பலக?"

"மூணு. மாத்தியாச்சி."

அவன் சிரித்தான். பிறகு அந்த வார்டுக்கே கேட்கும்படி மாதா பாட்டு ஒன்றை எடுத்துப் பாடினான், பாதி வரிகள் தப்பாக. நர்ஸ் தடுக்கவில்லை. அத்தை பின்பாட்டுப் பாடினாள். நான் அவன் தலையைத் தடவிக்கொண்டு அழுதேன். நான்கு மணி நேர ஆபரேஷன் இல்லை, தையல் இல்லை, வளையல் போகவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அவன் எங்களோடு உட்கார்ந்து இட்லி தின்றான். அத்தைக்கு மாம்பழ நிறத்தில் ஒரு சுங்குடி.

இப்போது படகு ஆட்கள் அவனைக் 'கேமரா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் கோபப்படுவதில்லை. தன் அப்பனுக்கு மலத்தில் இரத்தம் போகிறது என்று படகு ஆள் ஒருவன் ரகசியமாக வந்து சொன்னபோது, இவனே தன் செலவில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு தடைக்காலத்திலும் படகு கரையேறும்போது இவனும் மதுரை போவதென்று முடிவாகிவிட்டது. என் கர்ப்பப்பையை எடுப்பதா, பார்த்துக்கொண்டே இருப்பதா என்று எனக்குப் பேச்சு நடக்கிறது. என் மகள் இன்னும் இரத்தம் கொடுக்கவில்லை. படிப்பை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். அவளுக்கு அவசரமில்லை என்று மதுரையிலும் சொன்னார்கள். பயம் அறவே போய்விட்டது என்று சொன்னால் பொய். அது வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது, நாங்கள் அதைத் தாண்டிப் போய்ச் சாப்பிடுகிறோம்.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அத்தை பூசை நோட்டில் சேவியர் என்று இரண்டு தடவை எழுதினாள், இரண்டு காணிக்கை கட்டினாள். சிலுவையிலும் சின்ன சேவியரின் பெயரை வெட்டுவது என்று தீர்மானித்தோம். கல் வெட்டுகிறவர் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்தார். எங்கள் பக்கத்தில் பெயர் வெட்டும்போது கீழே கொஞ்சம் இடம் விடுவது வழக்கம், அடுத்து வருகிறவருக்கு.

"ஒரே பேரா இருக்கே. கீழ இன்னொரு வரிக்கு எடம் விடவா?" என்று அவர் கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள், நான் மணலைப் பார்த்தேன். மூன்றாம் சேவியர்தான் கையில் இருந்த மெழுகுவத்திக் கட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தான்.

"அண்ணாச்சி, எழுத்தப் பெருசா வெட்டும். சிலுவையோட கடைசி வரைக்கும் வரட்டும். கீழ எடமே இருக்கக்கூடாது."